நிறத்தைப் பார்க்காதீர்கள், கண்ணைப் பாருங்கள்



முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நம் சங்கத்தின் பொங்கல் விழாவையொட்டி தாபோடியில் குழந்தைகளுக்குத் தமிழ் வாசிப்புப் போட்டி நடந்தது. தமிழ்நாட்டைப் பார்த்தே அறியாத குழந்தைகள்கூட ஒரு பக்கத் தமிழைத் தடுமாறாமல் வாசிக்கிறார்கள் என்றால் அதைவிட நமக்கு வேறென்ன பெருமை? நடுவர்கள் மூவரில் நானும் ஒருவன். மொத்தம் ஐம்பது மதிப்பெண். அதில் 'அவையை நோக்கி வாசித்தல்' என்பதற்குப் பத்து.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மேடை ஏறினாள். வெளிர் மஞ்சள் முடி, பாலில் தோய்த்தது போன்ற நிறம், கண்ணில் தடித்த கண்ணாடி. கொடுத்த தாளை மூக்கோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு அருமையாக வாசித்தாள். லகர ளகர ழகரம் மூன்றும் பிசகவில்லை. ஆனால் முகம் தெரியவில்லை. ஒலிபெருக்கியை என் பக்கம் இழுத்து, "தாளை முகத்தை விட்டு எடும்மா, எங்களைப் பார்த்து வாசி" என்றேன். அவள் தாளை இறக்கினாள். அத்தோடு வாசிப்பும் நின்றுபோயிற்று. சில விநாடிகள் நின்று பார்த்துவிட்டுப் பேசாமல் இறங்கிப் போய்விட்டாள்.

விழா முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அவள் தாயார் அருகில் வந்தார். வேலூர்ப் பக்கத்துக் குடும்பம். கணவர் ஒரு காண்டிராக்டரிடம் ஃபிட்டர். "தப்பா எடுத்துக்காதீங்க சார். அந்த தூரத்துல அவளுக்கு எழுத்து தெரியாது. எதிர்த்துச் சொல்லவும் தெரியாது, இறங்கி வந்துட்டா" என்றார். எனக்குத் தலை குனிந்தது. சமாளிப்பதற்காக, "அரசாங்க சர்டிபிகேட் வாங்கியிருக்கீங்களா?" என்று கேட்டேன். அந்த அம்மாள் வியப்போடு கேட்டார்: "கலருக்கு எதுக்கு சார் சர்டிபிகேட்?"

இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்விக்கான பதில்தான்.

இது என்ன குறை?

ஆங்கில மருத்துவத்தில் இதை அல்பினிசம் என்கிறார்கள். தோல், முடி, கண் மூன்றுக்கும் நிறம் தரும் மெலனின் என்ற நிறமியை உடல் போதிய அளவு உண்டாக்காத பிறவிக் குறை. இடையில் வந்து பரவுகிற வெண்புள்ளி வேறு, இது வேறு. தொழுநோய்க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தொட்டால் ஒட்டாது. கிரகண நேரத்தில் தாய் வெளியே வந்ததாலோ, குங்குமப்பூவை அதிகம் சாப்பிட்டதாலோ வருவதும் இல்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சுமார் 17,000 முதல் 20,000 பேருக்கு ஒருவர் இப்படிப் பிறப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் இன்னும் அதிகம்.

பரவலாகக் காணப்படும் வகையில், தாய் தகப்பன் இருவரிடமும் இந்தக் குறையின் மரபணு மறைந்திருக்கும். அவர்கள் இருவரும் சாதாரண நிறத்தில்தான் இருப்பார்கள். அப்படிப்பட்ட தம்பதிக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இப்படிப்பட்ட குழந்தைக்கு உண்டு. இருவரிடமிருந்தும் வந்தால்தான் வரும் என்கிறபோது மருமகளை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது அறியாமை. மாமன் மகள், அக்காள் மகள் என்று நெருங்கிய சொந்தத்தில் கட்டும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. ஒரே மரபணு இருபுறமும் அமைவதற்கு அது வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதையும் மனசாட்சியோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஊரார் பார்ப்பது நிறத்தை. குழந்தை படும் கஷ்டமோ கண்ணில் இருக்கிறது. கருவில் கண் வளரும்போதே நிறமி தேவை. அது இல்லாததால் விழித்திரையின் நடுவே கூர்மையாகப் பார்க்க உதவும் சிறு குழி சரியாக உருவாவதில்லை. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகளும் வழக்கமான பாதையில் பிரிவதில்லை. கருவிழி தானாக இப்படியும் அப்படியும் ஊசலாடும். வெளிச்சம் கூசும். கண்ணாடி போட்டால் ஓரளவு தெளியுமே தவிர முழுப் பார்வை வராது, ஏனென்றால் குறை விழித்திரையில் இருக்கிறது. இந்தக் குழந்தைகளில் பலருக்குக் கிட்டத்தில் வைத்தால் எழுத்து தெரியும், தூரத்தில் தெரியாது. அதனால்தான் தாள் மூக்கைத் தொடுகிறது. சிலர் தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்ப்பார்கள். அந்தக் கோணத்தில் விழியின் ஆட்டம் குறையும். அதைக் கெட்ட பழக்கம் என்று தலையில் குட்டி நிமிர்த்துகிற ஆசிரியர்களும் பெற்றோர்களும் உண்டு.

தாபோடி பஸ் நிறுத்தத்தில் நின்று பாருங்கள். வரும் பஸ்ஸின் எண்ணை இந்தப் பெண் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். நண்பகலில் ரயில் நிலையப் படியில் இறங்கும்போது எது படி, எது நிழல் என்று தெரியாது. வகுப்பில் கரும்பலகை அவளுக்கு வெறும் பலகைதான். இத்தனையும் சேர்ந்ததற்குப் பெயர் 'கலர்' அல்ல, குறை பார்வை. குறை பார்வைக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

சட்டத்தின் வாசல் எது?

1995-ல் வந்த ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைக் குறைகளை ஏற்றது. அதற்குப் பதிலாக வந்த 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்றுக்கொண்டது. 2017 ஏப்ரல் 19 முதல் அது அமலில் இருக்கிறது. தலசீமியா, ஹீமோஃபிலியா, ஆசிட் வீச்சுக்கு ஆளானவர்கள் எல்லாம் புதிய பட்டியலில் வந்தார்கள். அல்பினிசம் என்ற பெயர் அந்த 21-ல் இல்லை. பல பெற்றோர்கள் அங்கேயே நம்பிக்கை இழந்து திரும்பிவிடுகிறார்கள். திரும்ப வேண்டியதில்லை. 'குறை பார்வை' என்ற வகை 1995-லும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. நம் குழந்தைகளுக்கு அதுதான் வாசல்.

வாசல் எவ்வளவு அகலம்? கண் டாக்டர்கள் 6/24 என்று எழுதுவதன் பொருள், நல்ல கண்ணுக்கு 24 மீட்டரில் தெரியும் எழுத்து இந்தக் கண்ணுக்கு 6 மீட்டரில்தான் தெரிகிறது என்பது. 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு அட்டவணைப்படி, கண்ணாடி போட்ட பிறகும் இரு கண்ணிலும் 6/24 முதல் 6/60 வரைதான் பார்வை என்றால் 40 சதவீதம். இதைவிடக் குறைந்தால் சதவீதம் ஏறும். ஆனால் நல்ல கண் 6/18 என்று வந்துவிட்டால், மற்றக் கண் 6/60 ஆனாலும் 10 சதவீதம்தான். மற்றக் கண் அறவே தெரியாவிட்டாலும் 30-ஐத் தாண்டாது. பெரும்பாலான உதவிகள் 40 சதவீதத்தில்தான் தொடங்குகின்றன. பலகையில் ஒரே ஒரு வரி ஒரு குழந்தையை இந்தக் கரையிலோ அந்தக் கரையிலோ நிறுத்திவிடுகிறது.

இந்த ஒரு வரி என்ன செய்யும் என்பதை நேரிலேயே பார்த்தேன். அந்தப் பெண்ணையும் அவள் தகப்பனாரையும் ஓர் அரசு மருத்துவமனைக்கு நானே அழைத்துப் போனேன். செய்த தவறுக்குப் பரிகாரம் என்றுதான் வைத்துக்கொள்ளுங்களேன். முதல் நாள் ஜன்னலில் இருந்தவர் அவள் முகத்தைப் பார்த்ததுமே தோல் பிரிவுக்குச் சீட்டு எழுதிவிட்டார். தோல் பிரிவில் காத்திருந்து, அவர்கள் கண் பிரிவுக்கு அனுப்ப, அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. தகப்பனாருக்கு ஒரு நாள் கூலி போயிற்று.

இரண்டாம் முறை கண் பிரிவுக்கே போனோம். மங்கலான அறை, எதிரே வெளிச்சப் பலகை. தகப்பனார் மகளின் தோளைத் தட்டி, "நல்லாப் படிச்சுக் காட்டும்மா" என்றார். எந்தத் தகப்பன்தான் சொல்லமாட்டான்? பெண்ணும் அப்பாவை ஏமாற்றக் கூடாது என்று கழுத்தை முன்னே நீட்டி, கண்ணை இடுக்கி, பாதி எழுத்தை ஊகத்தில் சொன்னாள். ஒரு கண் 6/18, மற்றது 6/36 என்று பதிவானது. பத்து சதவீதம். வெளியே வந்தால் மருத்துவமனை முற்றத்தில் உச்சி வெயில். வாசல் படி தெரியாமல் தடுக்கி விழப் போனவளைத் தகப்பனார் பிடித்துக்கொண்டார். கையில் பத்து சதவீதம் என்ற காகிதம்!

சான்றிதழ் முடிவில் திருப்தி இல்லையென்றால் 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று விதி இருக்கிறது. செய்தோம். அடுத்த முறை பரிசோதித்த டாக்டரம்மா பெண்ணிடம், "தெரிந்ததை மட்டும் சொல், தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல், முதுகை நாற்காலியில் சாய்த்து உட்கார்" என்றார். இரு கண்ணிலும் 6/36. நாற்பது சதவீதம் கிடைத்தது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. முதல் முறை நாங்களே அறியாமல் குழந்தையைப் பொய் சொல்ல வைத்தோம், அவ்வளவே. பெற்றோர்களே, பார்வைப் பரிசோதனை பள்ளிப் பரீட்சை அல்ல. கூட்டியும் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம். உள்ளதை உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள்.

மறுநாட்டில் வாழும் நமக்கு

இங்கே வந்து குடியேறிய நமக்கென்று சில தனிச் சிக்கல்கள் இருக்கின்றன. அவற்றை விவரமாகவே சொல்கிறேன்.

2021 ஜூன் முதல் சான்றிதழை யு.டி.ஐ.டி. என்ற மத்திய அரசின் இணையதளம் வழியாகத்தான் தருகிறார்கள். வீட்டில் கணினி இல்லாதவர்கள் ஸேது கேந்திரத்தில் பதிவு செய்துகொள்ளலாம். முகவரி ஆதாரம் எந்த ஜில்லாவில் இருக்கிறதோ அந்த ஜில்லா மருத்துவமனையில் விண்ணப்பிப்பது வழக்கம். சிகிச்சை பெற்றுவரும் அரசு மருத்துவமனையிலும் கேட்க விதி இடம் தருகிறது. ரேஷன் கார்டு ஆரணியில், ஆதார் தாபோடியில், பள்ளிச் சான்று கடகியில் என்று நம்மவர் காகிதங்கள் மூன்று ஊரில் சிதறிக் கிடக்கும். முதலில் குழந்தையின் ஆதாரில் இந்த ஊர் முகவரியைப் போட்டுவிடுங்கள்.

அடுத்தது பெயர். நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. இந்த ஊர்ப் படிவத்திலோ பெயர், தகப்பன் பெயர், ஆட்நாவ் என்று மூன்று கட்டம். ஒரு காகிதத்தில் இனிஷியலாகவும், இன்னொன்றில் அப்பா பெயரே ஆட்நாவாகவும் ஏறிவிடும். பிறகு இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அலைய வேண்டும். பள்ளியில் சேர்க்கும்போதே எல்லாவற்றிலும் ஒரே மாதிரி எழுதிவிடுவது புத்திசாலித்தனம்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2016 சட்டத்தின் 58-ஆவது பிரிவின்படி எந்த மாநிலத்தில் வாங்கிய சான்றிதழும் நாடு முழுவதும் செல்லும். மகாராஷ்டிரத்தில் வாங்கிய கார்டு தமிழ்நாட்டில் செல்லாதோ என்று தயங்கி, "ஊருக்குப் போகும்போது பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடும் குடும்பங்கள் பல. ஊருக்குப் போவது பத்து நாள். அந்தப் பத்து நாளில் கல்யாணம், காதுகுத்து, கோயில் போக மருத்துவமனைக்கு நேரம் ஏது?

சான்றிதழால் என்ன பயன்? 40 சதவீதம் இருந்தால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிலையங்களில் 5 சதவீத இடமும், அரசு வேலையில் மொத்தம் 4 சதவீத இடமும் ஒதுக்கீடு. வேலையின் 4 சதவீதத்தில் ஒரு சதவீதம் பார்வையற்றோருக்கும் குறை பார்வை உள்ளோருக்கும் உரியது. தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் கேட்கலாம். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து மத்திய அரசின் உதவித்தொகை இருக்கிறது. வருமான வரி கட்டுகிற பெற்றோர், பழைய வரித் திட்டத்தில் இருந்தால், மாற்றுத்திறனாளி மகனுக்காகவோ மகளுக்காகவோ 75,000 ரூபாய் கழித்துக்கொள்ளலாம். மகாராஷ்டிர எஸ்.டி. பஸ்ஸில் கட்டணச் சலுகை உண்டு.

வருமானம் மிகக் குறைந்தவர்களுக்கு சஞ்சய் காந்தி நிராதார் திட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான மாதத் தொகையை 1,500 ரூபாயிலிருந்து 2,500 ஆக உயர்த்த 2025-ல் மாநில அரசு முடிவெடுத்தது. ஆனால் 15 ஆண்டுகள் இந்த மாநிலத்தில் வசித்ததற்கு அத்தாட்சி வேண்டும். மின் கட்டண ரசீது, வாடகைப் பத்திரம், பள்ளிச் சான்று எதையும் தூக்கி எறியாதீர்கள். நேற்று வந்தவனா, இருபது வருடமாக இருப்பவனா என்பதைக் காகிதம்தான் சொல்லும்.

கிடைக்காததையும் சொல்லிவிட வேண்டும். பார்வைக் குறைக்காக ரயில்வே தரும் சலுகை, அறவே பார்வை இல்லாதவர்களுக்கு மட்டுமே. குறை பார்வை உள்ளவர்களுக்கு இல்லை. நாம் சென்னைக்குப் போகும் ரயிலில் இந்தப் பெண்ணுக்கு முழு டிக்கெட்தான்.

மராட்டி தெரியாமல் தயங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. மாநிலத்தின் மாற்றுத்திறனாளிகள் நல ஆணையர் அலுவலகம் நம் பூனாவிலேயே, சர்ச் ரோட்டில் இருக்கிறது. 2022 டிசம்பர் 3-ஆம் தேதி மாற்றுத்திறனாளிகளுக்கென்றே தனித் துறையைத் தொடங்கிய மாநிலமும் இதுதான். விதர்பாவின் மூலையில் இருப்பவர்கள் ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வர வேண்டிய இடத்துக்கு நாம் ஒரு பஸ்ஸில் போய்விடலாம்.

வெயிலுக்குச் சதவீதம் இல்லையா?

இதுவரை சொன்னது இருக்கிற சட்டத்தைப் பயன்படுத்தும் வழி. இனி என் அபிப்பிராயம். சான்றிதழ் தரும் முறையில் மூன்று குறைகள் இருக்கின்றன.

முதலாவது, பார்வையை மங்கலான அறையில் அளக்கிறோம். சாதாரணக் கண்ணுக்கு அது சரி. வெளிச்சமே எதிரியான கண்ணுக்கு அது சரியான அளவாகுமா? அந்த அறையில் 6/18 காணும் கண், மே மாத மதியத்தில் தாபோடி சாலையைக் கடக்கும்போது எத்தனை காணும்? குழந்தை வாழ்வது பரிசோதனை அறையில் அல்ல, வெயிலில். அல்பினிசம் என்று கண் டாக்டர் உறுதி செய்தவர்களுக்கு வெளிச்சத்திலும் ஒருமுறை பார்வையைச் சோதித்து, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, தோல். நிறமி இல்லாத தோலை வெயில் சுட்டுப் புண்ணாக்கும். ஆண்டுக்கணக்கில் பாதுகாப்பின்றி வெயிலில் உழைத்தால் தோல் புற்றுநோய் வரை போகலாம். வெயில் தடுப்புக் களிம்பு இவர்களுக்கு அலங்காரப் பொருள் அல்ல, மருந்து. ஒரு சிறிய டியூப் ஒரு நாள் கூலியைத் தின்றுவிடும். நம் அட்டவணையில் இந்தத் தோலுக்கு ஒரு சதவீதமும் கிடையாது. நம்மைவிட வசதியில்லாத கென்யாவைப் பாருங்கள். அங்கே மாற்றுத்திறனாளிகளுக்கான தேசியக் குழு மூலம் இவர்களுக்கு வெயில் தடுப்புக் களிம்பை அரசே இலவசமாகத் தருகிறது. 2019 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இவர்களைத் தனியாக எண்ணி, 9,729 பேர் என்று கண்டறிந்தது. நமது 2011 கணக்கெடுப்பு மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர் என்றது. அவர்களில் அல்பினிசம் உள்ளவர்கள் எத்தனை பேர் என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. எண்ணாதவர்களுக்கு எப்படித் திட்டம் போடுவது? ஐக்கிய நாடுகள் சபை 2015 முதல் ஜூன் 13-ஆம் தேதியை இவர்களுக்கான விழிப்புணர்வு நாளாக அனுசரிக்கிறது. அந்த நாளில் சுவரொட்டி ஒட்டுவதைவிட, அரசு மருத்துவமனை மருந்தகத்தில் ஒரு களிம்பு வைப்பது மேல்.

மூன்றாவது, அந்த ஒற்றை வரி. 2016 சட்டத்தின் அட்டவணை குறை பார்வையை '6/18-க்கு மிகாத' பார்வை என்றுதான் தொடங்குகிறது. சதவீதப் பட்டியலோ இரு கண்ணிலும் 6/18 என்றால் பூஜ்யம் என்கிறது. சட்டம் திறந்த கதவைப் பட்டியல் பாதி சாத்துகிறது.

"வரம்பைத் தளர்த்தினால் போலிகள் புகுந்துவிடுவார்களே" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 2024-ல் இதே பூனாவில் பயிற்சியில் இருந்த ஓர் இளம் அதிகாரியின் சான்றிதழ் பற்றி எழுந்த சர்ச்சை நாடெங்கும் பேசப்பட்டது. சரிபார்ப்பு கடுமையாக வேண்டும் என்ற குரல் அதன்பின் பலமாக ஒலித்தது. சரிபார்க்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? ஆனால் மற்ற குறைகளில் போலி செய்ய முடிந்தாலும், பிறந்த நாள் முதல் முடியிலும் விழியிலும் எழுதியிருக்கும் இந்தக் குறையை யார் போலியாகச் செய்ய முடியும்? கண் டாக்டர் விழித்திரையை ஒரு முறை பார்த்தால் தெரிந்துவிடும். திருடனுக்குப் போட்ட பூட்டு வீட்டுக்காரனை வெளியே நிறுத்திவிடக் கூடாது.

இன்னொன்றையும் பெற்றோரும் ஆசிரியர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒதுக்கீட்டுக்கும் உதவித்தொகைக்கும்தான் 40 சதவீதம் தேவை. நியாயமான வசதி கேட்பதற்கு அந்த வரம்பு இல்லை. விகாஷ் குமார் என்பவர் தேர்வில் எழுத உதவியாளர் கேட்டுத் தொடுத்த வழக்கில், அந்த உதவியை 40 சதவீதம் உள்ளவர்களுக்கு மட்டும் என்று சுருக்கக் கூடாது என 2021 பிப்ரவரி 11-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 40-க்குக் குறைந்தவர்களுக்கும் எழுதுவதில் சிரமம் இருந்தால் உதவி தரலாம் என்று 2022-ல் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆகவே பத்து சதவீதக் காகிதம் உள்ள குழந்தைக்கும் முன் பெஞ்சு, பெரிய எழுத்துக் கேள்வித்தாள், ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரும் இடம், விளையாட்டு வகுப்பில் தொப்பி இவற்றைக் கேட்க உரிமை உண்டு. சில பள்ளிகளில் தொப்பி சீருடையில் இல்லை என்று கழற்றச் சொல்கிறார்களாம். எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள்.

நம் வீட்டிலும் சங்கத்திலும்

அரசாங்கத்தைச் சொல்வது சுலபம். நம்மையும் பார்ப்போம். கல்யாண விளம்பரத்தில் 'சிவந்த நிறம்' தேடுகிறவர்கள் நாம். அந்த நிறத்துக்கும் அப்பால் ஒரு குழந்தை பிறந்துவிட்டால் பின்கட்டில் உட்கார வைத்து, விருந்தாளி வந்தால் அறைக்குள் அனுப்புகிறோம். வெளியே அழைத்துப் போகாத குழந்தைக்கு எப்படிச் சான்றிதழ் கிடைக்கும்? "சர்டிபிகேட் வாங்கினால் ஊனம் என்று முத்திரை விழுந்துவிடும், நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா?" என்று அந்தப் பெண்ணின் பாட்டி என்னிடமே கேட்டார். "பாட்டி, முத்திரையை ஊரார் பிறந்த அன்றே குத்திவிட்டார்கள். நாம் வாங்கப்போவது அதற்கான நஷ்டஈடு" என்றேன். பாட்டி சிரித்தார். ஆனால் சம்மதிக்க இரண்டு வாரம் ஆயிற்று.

பிறவிக் குறையோடு படித்துப் பெரிய பதவிக்கு வந்தவர்கள் இல்லாமல் இல்லை. கென்யாவின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதியாக இருக்கும் மும்பி ங்கூகி அல்பினிசத்தோடு பிறந்தவர். மாலி நாட்டுப் பாடகர் சலீஃப் கெய்த்தாவின் குரலை உலகம் கேட்டது. நம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அவ்வளவு வேண்டாம். பேங்கில் கிளார்க்காகவோ பள்ளியில் டீச்சராகவோ வர அவளுக்கு மூளை இருக்கிறது, உழைப்பு இருக்கிறது. எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக வேண்டும்.

நம் சங்கத்துக்கு என் யோசனைகள் இவை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு மணி நேரம், படிவம் நிரப்பவும் மருத்துவமனைக்கு உடன் போகவும் மராட்டி நன்கு தெரிந்த நான்கு பேர் முன்வர வேண்டும். ஓய்வு பெற்றவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். சீட்டாட்டத்தில் ஒரு ஞாயிறு குறைந்தால் குடி முழுகிவிடாது. அல்பினிசத்துக்கு மட்டுமல்ல, எந்தக் குறை உள்ள பிள்ளைக்கும் இது பயன்படும். விளையாட்டுப் போட்டிகளை உச்சி வெயிலில் நடத்தாமல் மாலைக்கு மாற்றுவோம். போட்டித் தாள்களைப் பெரிய எழுத்திலும் அச்சிடுவோம். செலவு சில பக்கக் காகிதம்தான்.

பெரிய எழுத்து யோசனையைச் செயற்குழு ஏற்றுக்கொண்டுவிட்டது. 'அவையை நோக்கி வாசித்தல்' என்ற பத்து மதிப்பெண் விதியை மட்டும் இன்னும் மாற்றவில்லை. "பார்த்து வாசிப்பதுதானே போட்டி" என்று ஒரு நண்பர் ஆட்சேபித்தார். அடுத்த கூட்டத்தில் மறுபடி எழுப்பப் போகிறேன். தமிழ் வாசிக்கிறதா பிள்ளை என்று பார்க்கத்தானே போட்டி வைக்கிறோம்? தாள் எங்கே இருக்கிறது என்று பார்க்க அல்லவே.

வரும் ஆண்டுப் போட்டிக்கு அந்தப் பெண் பெயர் கொடுத்திருக்கிறாள். நடுவராக என்னை மறுபடி அழைத்தால் ஒலிபெருக்கியை என் பக்கம் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.